வேலையில் மாற்றம் வந்தால் மனம் ஏன் வாடுகிறது?

பைஜாமா தொழிற்சாலை சொன்ன பாடம்

பழகிய வேலை பழகிய செருப்பு மாதிரி. இருட்டில் கூட கால் தானாக அதில் நுழைந்துவிடும். புதுச் செருப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் முதல் நாலு நாள் கடிக்கத்தான் செய்யும்.

வேலை செய்யும் இடத்தில் மாற்றம் வரும்போதும் இப்படித்தான். கைக்கணக்கு போய், கம்ப்யூட்டர் வருகிறது. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குகிறது. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு ஆகிறது. பழைய மானேஜர் போய், புது மானேஜர் வருகிறார்.

சம்பளம் குறையவில்லை. வேலையும் போகவில்லை. ஆனாலும் அந்த மனிதருக்குத் தூக்கம் வருவதில்லை. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். சோற்றில் கை வைத்தபடியே எங்கோ பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"புதிதாகக் கற்றுக்கொள்ள இவருக்கு மனம் இல்லை" என்று மேலதிகாரி நினைக்கிறார். "வயதாகிவிட்டது" என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். "நேரம் சரி இல்லை" என்று வீட்டில் உள்ளவர்கள் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

உண்மையான காரணம் என்ன? இந்தக் கேள்விக்கு ஒரு பைஜாமா தொழிற்சாலையில் விடை கிடைத்தது.

மலையடிவாரத்தில் ஒரு தொழிற்சாலை

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்று ஒரு சிறு ஊர். அங்கே ஹார்வுட் என்ற கம்பெனி பைஜாமா தைத்து விற்று வந்தது. சுமார் 500 பெண்களும் 100 ஆண்களும் அங்கே வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் சுற்று வட்டாரத்து மலைக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். சராசரி வயது 23. எட்டாம் வகுப்புப் படிப்பு.

எவ்வளவு வேலையோ அவ்வளவு கூலி என்பது அங்கே முறை. ஒரு மணி நேரத்துக்கு 60 யூனிட் வேலை செய்தால், தேர்ந்த தொழிலாளி என்று பெயர்.

கம்பெனிக்கு ஒரு தலைவலி இருந்தது. துணி மாதிரி மாறும்போதும், விலைப் போட்டி வரும்போதும், தொழிலாளிகளை வேறு வேலைக்கு மாற்ற வேண்டி இருந்தது. அப்படி மாற்றப்பட்டவர்களுக்குப் பண நஷ்டம் வரக்கூடாது என்று தனி போனசும் கொடுத்தார்கள்.

அப்படிக் கொடுத்தும் பயன் இல்லை. மாற்றப்பட்ட 100 பேரில் 38 பேர்தான் மீண்டும் 60 யூனிட்டை எட்டினார்கள். மற்ற 62 பேரில் சிலர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மற்றவர்கள் பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை.

இதைவிட ஆச்சரியமான ஒரு சங்கதியும் இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள ஆகும் காலத்தைவிட, அனுபவசாலி அதே வேலைக்கு மாறி வேகம் பிடிக்க அதிகக் காலம் ஆயிற்று!

கை பழகவில்லை என்றால், புதியவருக்குத்தானே அதிக நாள் ஆகவேண்டும்? அப்படியானால் கோளாறு கையில் இல்லை. மனத்தில் இருக்கிறது.

தொழிற்சாலையின் பணியாளர் நிர்வாகி லெஸ்டர் கோச்சும், ஜான் பிரெஞ்ச் என்ற மனோதத்துவ நிபுணரும் இதைச் சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தார்கள்.

மூன்று விதமான அறிவிப்பு

வேலை முறையில் சிறு சிறு மாற்றங்கள் செய்ய வேண்டி இருந்தது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. இஸ்திரி போட்ட பைஜாமாக்களை அரை டஜனாக அட்டையின்மேல் அடுக்கி வந்தவர்கள், இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். இந்த மாதிரி மாற்றங்கள்தான். அறிவிக்கும் விதத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தார்கள்.

முதல் கூட்டத்தினர், இஸ்திரி போடும் 18 பேர். அவர்களைக் கூப்பிட்டார்கள். "வியாபாரத்தில் போட்டி இருக்கிறது. ஆகவே மாற்றம் அவசியம். புதுக் கூலிக் கணக்கு இது" என்று சொன்னார்கள். கேட்ட கேள்விகளுக்கு விளக்கமும் சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. சாதாரணமாக எல்லாத் தொழிற்சாலைகளிலும் நடக்கிற முறை இது.

இரண்டாவது கூட்டத்தினர், பைஜாமா மடிக்கும் 13 பேர். இவர்கள் முன்னால் இரண்டு பைஜாமாக்களை வைத்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று 1946-ல் செய்தது. மற்றது 1947-ல் செய்தது. ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்கு! "இதில் எது விலை குறைந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை.

செலவைக் குறைக்காவிட்டால் கம்பெனி நிலைக்காது என்பது அப்பொழுதே அவர்களுக்கு விளங்கிவிட்டது. வீணாகும் வேலை எது எது, எதைச் சுருக்கலாம் என்று பேசினார்கள். தங்களுக்குள் சிலரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகள் புது முறையை முதலில் கற்றுக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது விதம், தைத்ததைச் சரிபார்க்கும் இரண்டு சிறு கூட்டத்தாருக்கு. ஒன்றில் 8 பேர், மற்றதில் 7 பேர். இங்கே பிரதிநிதி கிடையாது. புது முறையை வகுப்பதில் எல்லோருமே கலந்துகொண்டார்கள். யோசனைகள் மளமளவென்று வந்தன. குறிப்பு எடுத்தவரால் அத்தனையையும் எழுதித் தீர்க்க முடியவில்லையாம்!

என்ன நடந்தது?

முதல் கூட்டத்தின் வேலை சரிந்தது. சரிந்தது சரிந்ததுதான், தேறவே இல்லை. மேற்பார்வையாளரோடு சச்சரவு. 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள். கூலி குறைவு என்று புகாரும் வந்தது. கணக்கை எடுத்துச் சரிபார்த்தார்கள். பார்த்தால், கூலி குறைவாக இல்லை. கொஞ்சம் தாராளமாகவே இருந்தது!

கூலியைப் பற்றிப் புகார் செய்தவர்களின் மனத்தில் இருந்தது கூலி அல்ல. "நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்ற வருத்தம். அந்த வருத்தத்தைச் சொல்ல புகார்ப் புத்தகத்தில் இடம் இல்லை. ஆகவே அது கூலிப் புகாராக வெளிவந்தது.

பிரதிநிதிகளை அனுப்பிய இரண்டாவது கூட்டம் 14 நாளில் 61 யூனிட்டை எட்டியது. 40 நாளில் ஒருவர்கூட வேலையை விடவில்லை. "நம்ம வேலை, நம்ம கூலிக் கணக்கு" என்று பேச ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் கலந்துகொண்ட சிறு கூட்டங்களில் முதல் நாள் மட்டும் வேலை சற்றுக் குறைந்தது. இரண்டாம் நாளே பழைய நிலைக்கு வந்துவிட்டது. பிறகு அதையும் தாண்டி, முன்பு இருந்ததைவிட நூற்றுக்கு 14 பங்கு உயர்ந்தது. இங்கேயும் யாரும் வேலையை விடவில்லை.

அதே 13 பேர்!

"முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் சண்டைக்காரர்களாக இருந்திருப்பார்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் பதில் கிடைத்தது.

முதல் கூட்டத்தில் மீதி இருந்தவர்கள் 13 பேர். அவர்கள் தொழிற்சாலையில் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து போயிருந்தார்கள். இரண்டரை மாதம் கழித்து அந்த 13 பேரையும் ஒன்றாகக் கூட்டி, மறுபடி ஒரு புது வேலைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை அறிவிப்பு வாசித்து அனுப்பவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, எல்லோருடைய யோசனையையும் கேட்டு, மாற்றத்தைச் செய்தார்கள்.

அதே 13 பேர் விரைவில் தேறினார்கள். முன்பு இருந்ததைவிட உயர்ந்த வேகத்தையும் எட்டினார்கள். சச்சரவு இல்லை. யாரும் வேலையை விடவும் இல்லை.

மனிதர்கள் அவர்களேதான். நடத்திய விதம்தான் வேறு. கோச்சும் பிரெஞ்சும் இந்தச் சோதனையை 1948-ல் வெளியிட்டார்கள். மாற்றத்தை நடத்துவது எப்படி என்று பேசுகிறவர்கள் இன்றும் இந்தப் பைஜாமா தொழிற்சாலையைச் சொல்லாமல் இருப்பது இல்லை.

வதந்தியே வியாதி

மாற்றம் வந்த பிறகுதான் மனம் வாடும் என்பது இல்லை. "வரப்போகிறது" என்ற பேச்சே போதும்.

லண்டனில் 1985-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. அரசாங்கத்தின் 20 இலாகாக்களில் வேலை பார்த்த 10,308 பேரை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய உடல்நிலை, மனநிலை, வேலை ஆகியவற்றைப் பற்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்து வந்தார்கள். டாக்டர் மைக்கேல் மார்மட் இதற்குத் தலைவர்.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த 20 இலாகாக்களில் அரசாங்கக் கட்டடங்களைப் பராமரிக்கும் இலாகாவும் ஒன்று. அதைத் தனியாருக்கு விற்றுவிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. மற்ற இலாகாக்களுக்கு அந்தப் பயம் இல்லை.

இலாகா கைமாறுவதற்கு முன்பே, என்ன ஆகுமோ என்று காத்திருந்த அந்த நாட்களிலேயே, அங்கே வேலை பார்த்த ஆண்களின் உடல்நலம் மற்ற இலாகாக்காரர்களைவிடச் சீர்கெட்டது. இந்த முடிவு 1995-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

கத்தி விழுவதைவிட, தலைக்குமேல் தொங்கும் கத்தி அதிகம் வருத்துகிறது. ஆகவே, "ஊழியர்களுக்கு இப்பொழுது சொன்னால் பயப்படுவார்கள். பிறகு சொல்லலாம்" என்று மேலே இருப்பவர்கள் நினைப்பது தவறு. மேலே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டால், டீக்கடை பேச ஆரம்பித்துவிடும். டீக்கடையில் 10 பேர் வேலை 100 பேர் வேலை ஆகிவிடும்!

கூட்டாளியைப் பிரித்த எந்திரம்

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேறு ஒரு பாடம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் அங்கே இரண்டு இரண்டு பேராகவோ, சிறு சிறு கூட்டமாகவோ சேர்ந்து கரி வெட்டினார்கள். யாரோடு சேர்ந்து வெட்டுவது என்பதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். வெட்டுவது, அள்ளுவது, முட்டுக் கொடுப்பது எல்லாம் அந்தக் கூட்டத்தின் பொறுப்பு. அந்த உறவு சுரங்கத்தோடு நின்றுவிடவில்லை. ஒருவர் அடிபட்டாலோ, இறந்துவிட்டாலோ, அவர் குடும்பத்தைக் கூட்டாளி பார்த்துக்கொண்டதும் உண்டு.

பிறகு வெட்டும் எந்திரமும், கரியைக் கொண்டுபோகும் நகரும் பட்டையும் வந்தன. வேலையை மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள். ஒரு ஷிப்டு வெட்டியது. அடுத்த ஷிப்டு பட்டையை நகர்த்தியது. மூன்றாவது ஷிப்டு கரியை அள்ளியது. சுமார் 40 பேர் ஒரே கரிக்காக உழைத்தார்கள். ஆனால் ஒரு ஷிப்டுக்காரர் மற்ற ஷிப்டுக்காரரைப் பார்ப்பதே இல்லை. கரி அள்ளுகிறவர்கள் இருட்டில், நீளமான சுரங்கத்தில், ஆளுக்குச் சில கஜமாகத் தனித்தனியே கிடந்தார்கள்.

எந்திரம் வந்தும் எதிர்பார்த்த அளவுக்குக் கரி வரவில்லை. ஒரு ஷிப்டு இன்னொரு ஷிப்டின்மேல் பழி போட்டது. காரணம் சொல்லாமல் லீவு போடுவது வழக்கமாயிற்று. மனக்கலக்கத்தால் வரும் உடல் உபாதைகள் பெருகின.

லண்டனில் உள்ள டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்போர்த் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1951-ல் எழுதினார்கள். பாம்போர்த் வெறும் புத்தகப் படிப்பாளி அல்ல. 18 ஆண்டுகள் சுரங்கத்தில் கரி வெட்டியவர்!

எந்திரம் வந்தது தவறு அல்ல, எந்திரத்தோடு கூட்டாளி போனதுதான் தவறு என்று அவர்கள் கண்டார்கள். பிறகு சில சுரங்கங்களில், அதே எந்திரத்தை வைத்துக்கொண்டே 40 பேரும் ஒரே கூட்டமாக இயங்கினார்கள். கூலியைப் பொதுவாக வாங்கிப் பங்கிட்டார்கள். வேலையை மாற்றி மாற்றிச் செய்தார்கள். அங்கே லீவு போடுவது பாதிக்கும் கீழே குறைந்தது. கரியும் அதிகம் கிடைத்தது.

புது எந்திரத்துக்கு இடம் ஒதுக்குகிறவர்கள், பழைய நண்பர்கள் சேர்ந்து உட்காரவும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

விழுந்தவர்களும் நின்றவர்களும்

எல்லா முதலாளிகளும் இந்தப் பாடங்களைப் படிப்பது இல்லை. மாற்றம் சில சமயம் இடியைப் போல விழுகிறது. அப்பொழுது தனி மனிதன் என்ன செய்வது?

அமெரிக்காவில் சிகாகோ நகரில் இல்லினாய் பெல் என்ற டெலிபோன் கம்பெனி இருந்தது. அதன் அதிகாரிகள் சிலரை சால்வடோர் மாடி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1975 முதல் 12 ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆண்டுதோறும் உடல் பரிசோதனை, மனப் பரிசோதனை எல்லாம் நடந்தன.

1980-களின் தொடக்கத்தில் புயல் அடித்தது. அமெரிக்கா முழுவதும் டெலிபோனைத் தன் கையில் வைத்திருந்த தாய்க் கம்பெனியைப் பிரிக்க 1982-ல் ஒப்பந்தம் ஆயிற்று. 1984 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது. இல்லினாய் பெல்லில் 26,000 ஆக இருந்த ஊழியர்கள் ஏறத்தாழ 14,000 ஆகக் குறைந்தார்கள். ஓர் அதிகாரிக்கு ஒரே ஆண்டில் 10 மேலதிகாரிகள் மாறினார்களாம்!

ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இந்தப் புயலில் சாய்ந்தார்கள். மனச்சோர்வு, குடி, மாரடைப்பு, விவாகரத்து என்று பல துன்பங்கள் வந்தன. மூன்றில் ஒரு பங்குப் பேர் மட்டும் நின்றார்கள். சிலர் முன்பைவிட நன்றாகவே இருந்தார்கள்.

நின்றவர்களிடம் மூன்று குணங்கள் இருந்ததை மாடி கண்டார்.

முதலாவது, ஈடுபாடு. "எப்படியோ போகட்டும்" என்று அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. வேலையிலும் மனிதர்களிடமும் ஒட்டுதலோடு இருந்தார்கள்.

இரண்டாவது, தன் கையில் உள்ளதைச் செய்வது. கம்பெனி பிரிவதைத் தடுக்க அவர்களால் முடியாது. ஆனால் இன்று எதைக் கற்றுக்கொள்வது, யாரிடம் கேட்பது என்பது தங்கள் கையில் இருக்கிறது என்று எண்ணினார்கள்.

மூன்றாவது, மாற்றத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வது. "ஏன் எனக்கு இப்படி?" என்று கேட்பதை விட்டு, "இதில் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்கள்.

இவை பிறவிக் குணங்கள் அல்ல, பழகினால் வரும் என்பது மாடியின் முடிவு. அதோடு, நின்றவர்கள் தனியாக நிற்கவில்லை. பிறருக்கு உதவினார்கள், பிறரிடம் உதவியும் பெற்றார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "மனத்திடம் இருந்தால் போதும்" என்று சொல்லி, முதலாளி தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஹார்வுட் தொழிற்சாலையின் 13 பேரை மறக்கலாகாது. அவர்களுடைய மனத்திடம் இரண்டரை மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. அவர்களை நடத்திய முறைதான் மாறியது.

சட்டம் தரும் 21 நாள்

மாற்றத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது இந்தியாவில் வெறும் நல்லெண்ணம் மட்டும் அல்ல. சட்டமும் உண்டு. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 1956-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கூலி, வேலை நேரம், ஷிப்டு முறை, ஆட்குறைப்புக்கு வழி செய்யும் புது எந்திரம் போன்றவற்றில் மாற்றம் செய்வதானால், தொழிலாளிகளுக்கு நோட்டீசு கொடுக்க வேண்டும். கொடுத்த 21 நாளுக்குள் மாற்றம் செய்யக்கூடாது என்று அது சொன்னது. 2020-ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த 21 நாள் கணக்கு இருக்கிறது.

21 நாள் என்பது மூன்று வாரம். நோட்டீசைப் பலகையில் ஒட்டிவிட்டு, அந்த மூன்று வாரமும் பேசாமல் இருந்தால், அது வதந்திக்குத் தந்த மூன்று வாரம். அதே மூன்று வாரத்தில் உட்கார்ந்து பேசினால், 21 நாளும் மருந்து ஆகும்.

மானேஜர்கள் செய்ய வேண்டியது

தெரிந்ததை உடனே சொல்ல வேண்டும். தெரியாததைத் "தெரியாது, இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்தத் தேதியில் புதுச் செய்தி இல்லாவிட்டாலும், "இன்னும் முடிவாகவில்லை" என்பதையாவது வந்து சொல்ல வேண்டும்.

ஏன் மாற்றம் என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். இரண்டு பைஜாமாக்கள் செய்ததை இரண்டு மணி நேரப் பிரசங்கம் செய்யாது.

எதை மாற்றுவது என்பது முடிவாகி இருக்கலாம். எப்படி மாற்றுவது என்பதையாவது தொழிலாளிகளிடம் விட வேண்டும். ஆனால் ஒப்புக்குக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டு யோசனையைக் குப்பையில் போட்டால், கேட்காமல் இருந்ததைவிடக் கெடுதல்.

புதியதைக் கற்றுக்கொள்ள நாள் கொடுக்க வேண்டும். முதல் வாரத்துத் தவறுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது. சின்ன வயதுப் பையன்களின் முன்னால் பெரியவர்களை "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை.

இதில் லாபமும் இருக்கிறது. மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2022-ல் கணக்குச் சொல்லியிருக்கின்றன.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

வேலையில் வந்த மாற்றம் வாசலோடு நிற்காது. வீட்டுக்குள்ளும் வரும்.

கணவரோ மனைவியோ, மகனோ மகளோ, வேலையில் இருந்து வாடிய முகத்தோடு வந்தால், உடனே புத்தி சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. "எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரே சொல்லில் மூடிவிடவும் கூடாது. "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடக் கூடாது. "அவர் மட்டும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாரே" என்ற சொல், ஆபீசில் பட்ட புண்ணில் மிளகாய்ப்பொடி.

பணத்தைப் பற்றிய பயத்தைப் பேசாமல் வைத்தால் வளரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கடன் இவ்வளவு, எதைத் தள்ளிப்போடலாம் என்று காகிதத்தில் எழுதிவிட வேண்டும். எழுதிய பயம் சிறியது.

பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியது இல்லை. "அப்பாவுக்கு ஆபீசில் புது வேலை. பழகக் கொஞ்ச நாள் ஆகும். கோபம் உன்மேல் இல்லை" என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால், தங்களால்தான் வீட்டில் சண்டை என்று குழந்தைகள் நினைத்துக்கொள்ளும்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் தெரியும். அப்பாவோ அம்மாவோ ஒன்றைக் கேட்டால், சிரிக்காமல் சொல்லிக் கொடுக்கலாம். நடந்து பழகிய நாளில் விழுந்து எழுந்த பிள்ளையை அவர்கள் பார்த்துச் சிரிக்கவில்லையே!

வேலை மாறியவர் செய்ய வேண்டியதும் சில உண்டு. தூங்கும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் மாற்றக் கூடாது. தினமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். புது வேலையில் ஒரு நாளைக்கு ஒன்று கற்றுக்கொண்டால் போதும். தெரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது. பழைய வேலை நண்பர்களோடு ஒரு காப்பியாவது குடிக்க வேண்டும். கவலையை மறக்க என்று மதுவைத் தொடக் கூடாது. அது தூக்கத்தையும் கெடுக்கும், மறுநாளையும் கெடுக்கும்.

எப்பொழுது டாக்டரைப் பார்ப்பது?

புது வேலையில் சில நாள் கலக்கம் இருப்பது சகஜம். அது நோய் அல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், எதிலும் ஆசை இல்லாமல் போனால், காரணம் இல்லாமல் நெஞ்சு படபடத்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும். குடும்ப டாக்டரிடமே முதலில் சொல்லலாம்.

"நான் இருந்து என்ன பயன்?" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவரைத் தனியாகவும் விடக் கூடாது. மத்திய அரசாங்கம் 2022 அக்டோபர் 10-ந் தேதி 'டெலி மனஸ்' என்ற டெலிபோன் உதவியைத் தொடங்கியது. அதன் எண் 14416. காசு கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக யாரும் வெட்கப்படுவது இல்லை. மனம் வாடினால் மட்டும் எதற்கு வெட்கம்?

எந்திரங்கள் இனியும் மாறும். கம்பெனிகள் கைமாறும். செயற்கை அறிவு என்று புதிது ஒன்றும் இப்பொழுது வந்திருக்கிறது. மாற்றத்தை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்ல முடியும். யோசனை கேட்க முடியும். கூட இருக்க முடியும். இந்த மூன்றுக்கும் காசு செலவு இல்லை.